வெர்டெல் தூக்கிய கை

வெர்டெல் ப்ரூயிட் வின்ஃபோர்ட் நகரத்தில் இருபத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டியவள். அதில் பாதிக்கு மேல் பதினான்காம் எண் தடம். ஆற்றுக்குக் கிழக்கே கல்ஹூன் தெருவில் ஏறி, பாலம் தாண்டி, மருத்துவமனையைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும். ஒரு விபத்துகூட அவள் பேரில் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று தொழிற்சங்கத்தார் அதைச் சொல்லித்தான் ஒரு கடிகாரம் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் போயிருக்காது, மேயர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். காவல் வாரியத்தில் ஓர் இடம் காலியாம். கிழக்குப் பக்கத்து ஆள் வேண்டும். வக்கீலும் வேண்டாம், பாஸ்டரும் வேண்டாம், அந்த இரண்டு வகையும் இதுவரை வேண்டிய மட்டும் வந்து போய்விட்டார்கள் என்றார்கள். வெர்டெல் ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். கேட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய் மொசெல்லிடம் சொன்னாள்.

மொசெல் டேட்டும் பேருந்து ஓட்டியவள்தான். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே தெருவில் அடுத்தடுத்து வீடு வாங்கியவர்கள். வெர்டெலுக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. மொசெல்லுக்குப் புருஷன் செத்துப்போய்விட்டான், ஒரே மகள் ஜெர்லின். சொன்னதைக் கேட்டதும் மொசெல் அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காசு போடாம ஏறினவன இறக்கிவிடத் தெரியாது உனக்கு. 'பரவால்ல போய் உக்காரு தம்பி'ம்ப. நீ போலீசுக்கு உத்தரவு போடப் போறியாடி?"

"நான் ஒருத்தி இல்ல. அஞ்சு பேரு."

"மத்த நாலு பேரு பாவம்."

சிரித்தாலும், பதவி ஏற்ற அன்று மொசெல்தான் தன் தொப்பியைக் கொடுத்துப் போடச் சொன்னாள். ஜெர்லின் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து படம் பிடித்தாள். அவள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். சின்ன வயதில், சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை இருந்தால், வெர்டெலின் பேருந்தில் முதல் இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்க ஊர் சுற்றுவாள். ஏறுகிற ஆட்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வாள். நிறுத்தங்களின் பெயர் வெர்டெலுக்கு முன்னால் அவளுக்கு வாயில் வரும்.

வாரியம் மாதம் இரண்டு வியாழன் மாலை, நகர மன்றத்தின் மூன்றாம் மாடியில் கூடும். ஐந்து பேரும் போலீஸ் சீருடை போட்டறியாதவர்கள். போட்டவர்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். போலீஸ் எப்போது துப்பாக்கியை எடுக்கலாம், எந்தக் கதவை உடைக்கலாம், தப்பு செய்த போலீஸ்காரனை என்ன செய்வது, எல்லாம் அந்த ஐந்து பேர் கையில். காவல் துறையின் சீஃப் ரைகார்ட் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், பக்கத்து மேசையில் உட்கார்ந்து 'பரிந்துரை செய்கிறேன்' என்றுதான் சொல்ல முடியும். செய்யலாமா கூடாதா என்று சொல்வது அந்த ஐவர்.

வெர்டெல் முதல் வருஷம் அதிகம் பேசவில்லை. ஆனால் கொடுத்த காகிதத்தை எல்லாம் படித்தாள். சமையலறை மேசையில் பரப்பி வைத்து, புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, மறுநாள் வாரியத்தின் வக்கீலை அழைத்துக் கேட்பாள். தலைவர் லண்ட்கிரென் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப்பாடம் செய்துகொண்டு வருகிற ஒரே உறுப்பினர் ப்ரூயிட்தான் என்று அவர் ஒருமுறை சபையிலேயே சொன்னார்.

மூன்றாம் வருஷம் கார் திருட்டு பெருகியது. கிழக்குப் பக்கத்தில் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து, கார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி போடுவார்கள். ஏழாம் விதி என்று ஒன்று இருந்தது. ஓடுகிறவனால் யார் உயிருக்காவது ஆபத்து இருந்தால் மட்டுமே போலீஸ் வண்டி துரத்தலாம். வெறும் கார் திருடனைத் துரத்தக் கூடாது. அந்த விதி திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. போலீஸ் வண்டிக்குப் பக்கத்தில் வந்து கையை ஆட்டிவிட்டுப் போனான் ஒருவன் என்று ஊரெல்லாம் பேச்சு.

ஒரு ஞாயிறு, தேவாலய வாசலிலிருந்து மொசெல்லின் காரே போயிற்று. புருஷன் சாவதற்கு முந்தைய வருஷம் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற ப்யூக். இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் அதைப் பார்த்திருக்கிறார், விளக்கைப் போட்டிருக்கிறார், அது பறந்திருக்கிறது. விதிப்படி அவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். மறு வாரம் கார் ஆற்றங்கரையில் எரிந்து கிடந்தது.

அன்று மொசெல் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"போலீசையே ஆட்டி வைக்கிற எடத்துல உக்காந்திருக்க. என் கார ஒருத்தன் போலீஸ் கண்ணு முன்னாடி ஓட்டிட்டுப் போறான். நீ அங்க தண்ணி பாட்டில வச்சிக்கிட்டு காகிதம் புரட்டற."

அந்த விதி ஏன் வந்தது என்று வெர்டெல் சொல்லப் பார்த்தாள். மொசெல் கேட்கவில்லை. அவள் மட்டுமா? கடைக்குப் போனால் கடைக்காரர், தேவாலயத்தில் பாட்டுக் குழு, முடி திருத்தும் இடத்தில் முன்பின் தெரியாதவர்கள், எல்லோரும் அதையே கேட்டார்கள். சீஃப் ரைகார்ட் திருத்தம் ஒன்று எழுதிக் கொண்டுவந்தார். திருட்டுக் காரையும் துரத்தலாம். மேலதிகாரி அனுமதி வேண்டும், சைரன் வேண்டும், பள்ளிக்கூட வாசலில் கூடாது.

ஜூன் மாதம் அதற்கான கூட்டம். வந்தவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். மேசையில் சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. மொசெல் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்று, பிரசங்கியார் தோற்றுப்போகும்படி பேசினாள். நாங்கள் வரி கட்டுகிறோம், வீட்டுக் கடன் கட்டுகிறோம், ஓடுகிறவனை ஓட விடுவதற்கா போலீஸ், துரத்துங்கள் என்றாள். சபை எழுந்து நின்று கை தட்டியது. லண்ட்கிரென் சுத்தியலைத் தட்டி அடக்க வேண்டியிருந்தது.

வாரியத்தில் கோவாக்ஸ் என்ற பெண் ஒருத்தி உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அவள் ஒருத்திதான் அன்று நேருக்கு நேர் எதிர்த்தாள். துரத்தல் முடிந்தபின் எங்களிடம் கொண்டுவருகிறவர்களில் திருடன் குறைவு, வழியில் நின்றவர்கள்தான் அதிகம் என்றாள். சபை முணுமுணுத்தது.

கோவாக்ஸ் சொன்னது சரி என்று வெர்டெலுக்குத் தெரியும். அறுபது மைல் வேகத்தில் வருகிற வண்டி நிற்க எத்தனை அடி வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக் கூடியவள் அவள். கார்னெட் தெருச் சந்திப்பில் பாதி ஜனம் விளக்கைப் பார்க்காமலே இறங்கி நடக்கும் என்பதும் தெரியும். அவர்களுக்காகப் பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்கால் போனது. வாக்கெடுப்பு இரண்டு வாரம் கழித்து என்றார்கள். அந்த இரண்டு வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு மொசெல் வந்தாள். இந்த முறை கோபம் இல்லை. எரிந்த காரிலிருந்து கிடைத்த ஒரே பொருளைக் கொண்டுவந்து காட்டினாள். புருஷனின் பெயர் பொறித்த ஒரு உலோகத் தகடு, பாதி உருகிப்போனது.

"இத்தன வருஷத்துல நான் உன்கிட்ட எதாவது கேட்டிருக்கேனா வெர்டெல்?"

கேட்டதில்லை. அதுதான் உண்மை. மொசெல் கொடுத்தே பழகியவள்.

வியாழக்கிழமை கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாக இரண்டு கை சட்டென்று எழுந்தது. கோவாக்ஸும் லண்ட்கிரெனும் அசையவில்லை. எல்லோரும் வெர்டெலைப் பார்த்தார்கள். அவள் கையைத் தூக்கினாள். மூன்றுக்கு இரண்டு. திருத்தம் நிறைவேறியது. வெளியே வந்தபோது மொசெல் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். அன்று ஜெர்லின் இருவரையும் மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப் போனாள்; எலும்பு எடுத்துத் தரட்டுமா ஆன்ட்டி என்று வெர்டெலைக் கேலி செய்துகொண்டே இருந்தாள்.

அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாலை நாலரை மணி இருக்கும். வெர்டெல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வாரிய உறுப்பினர்களுக்கு வருகிற குறுஞ்செய்தி வந்தது. 'திருட்டு வாகனம் துரத்தல். கார்னெட் தெரு. நடந்து சென்ற பெண் மரணம். வயது இருபத்தாறு.' பெயர் இல்லை. முதலில் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் பெயர் போடுவார்கள்.

வெர்டெல் கையைத் துடைத்துவிட்டுப் பதில் எழுதினாள். 'விதிப்படி நடந்ததா?'

அனுப்பிவிட்டுக் கத்தியை எடுத்தாள். பக்கத்து வீட்டு வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம். கதவு தட்டுகிற சத்தம். அதற்குப் பிறகு மொசெல்லின் குரல் கேட்டது. முப்பது வருஷத்துக்கு மேலான பழக்கத்தில் அப்படியொரு குரலை வெர்டெல் கேட்டதில்லை. ஆனாலும் அது மொசெல் என்று தெரிந்தது, ஏன் என்பதும் அந்த நொடியே தெரிந்தது. கத்தியோடு எழுந்து ஓடினாள். பாதி வழியில்தான் கையில் கத்தி இருப்பதைப் பார்த்துப் புல்லில் போட்டாள். அந்த நேரத்தில் கைபேசி ஒலித்தது. சீஃப் எழுதியிருந்தார். 'ஆம். எல்லாம் விதிப்படி.'

ஜெர்லின் வேலை முடிந்து பதினான்காம் எண்ணில் வந்து இறங்கியிருக்கிறாள். நடப்பவர்கள் கடப்பதற்கான விளக்கு எரிந்த பிறகுதான் சாலையில் இறங்கினாள்; திருட்டு வண்டி வந்து மோதியது. திருடிய வண்டியை ஓட்டியவனுக்குக் கால் முறிந்தது, சிறைக்குப் போனான். துரத்திய போலீஸ்காரர் பெயர் ஹாகன், இருபத்தெட்டு வயது. அவர்தான் ஜெர்லினின் பக்கத்தில் மண்டியிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம்.

அடக்கத்தன்று மொசெல் வெர்டெலைக் குடும்பத்தார் வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு வெர்டெல்தான் கோழி வறுவலும் கீரையும் பரிமாறினாள், தட்டுகளைக் கழுவினாள், மிச்சத்தைப் பொதிந்து கொடுத்தாள். அதிலிருந்து தினமும் காலையில் பக்கத்து வீட்டுக்குப் போய் காபி போட்டுக் கொடுப்பாள். இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள். வாரியம், விதி, வாக்கு என்ற சொல் எதுவும் அந்தச் சமையலறையில் எழவில்லை. வெர்டெல் 'விதிப்படி நடந்ததா' என்று தான் கேட்டதை மட்டும் யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்தாள். அது போலவே ஆயிற்று. கோவாக்ஸிடம் ஒருமுறை சொல்லப் போய், சொல்லாமலே திரும்பினாள்.

ஜனவரியில் ஹாகன் மீது விசாரணை. அவரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று ஊரில் நாலாயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். செத்தவளின் குடும்பத்துக்கு நீங்கள் நெருக்கம், விலகிக்கொள்வதானால் விலகிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றார் வாரியத்தின் வக்கீல். வெர்டெல் ஓர் இரவு யோசித்தாள். கை தூக்கும்போது அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, இப்போது எழுந்து போவதா? உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. ஹாகன் சொன்னதைக் கேட்டார்கள். போலீஸ் காரின் காட்சியை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசிச் சில நொடிகளை மட்டும் ஓட்ட வேண்டாம் என்று லண்ட்கிரென் கைகாட்டினார். மேலதிகாரி அனுமதி இருந்தது. சைரன் இருந்தது. பள்ளிக்கூட வாசல் இல்லை. திருத்திய ஏழாம் விதியில் என்னென்ன எழுதியிருந்ததோ அவ்வளவும் அந்த மனிதர் செய்திருந்தார்.

பிறகு மொசெல்லைக் கூப்பிட்டார்கள். கறுப்புக் கோட்டோடு மெல்ல நடந்து வந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். ஹாகனைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"ஜூன் மாசம் இதே எடத்துல நின்னு பேசினேன். துரத்துங்கன்னு சொன்னேன். அத எழுதி வச்சிருக்கீங்களா?"

லண்ட்கிரென் ஆமென்று தலையசைத்தார். கூட்டக் குறிப்பில் எல்லாம் பதிவாகும் என்றார்.

"அத அடிச்சிருங்க. நான் சொன்னத மட்டும். நான் சொல்லலன்னு வச்சுக்குங்க."

லண்ட்கிரென் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, குறிப்புல இருக்கறத அழிக்க எங்களுக்கே அதிகாரம் இல்ல. மன்னிச்சுக்குங்க."

மொசெல் அதற்கும் தலையசைத்தாள். மேசையில் பச்சை விளக்குதான் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் போய் உட்கார்ந்த பிறகும் மீதி நேரம் ஓடட்டும் என்று விட்டார்கள். மஞ்சள் வந்து சிவப்பு வரும்வரை யாரும் இருமக்கூட இல்லை.

வாக்கு வந்தபோது வெர்டெல் ஹாகனை நீக்க மறுத்தாள். ஏன் என்று சொல்ல வேண்டும் என்பது கட்டாயம் இல்லை, சொன்னாள். "நாங்க எழுதிக் குடுத்ததத்தான் அந்த ஆளு செஞ்சாரு. எழுதினதுல ஒரு கை என்னோடது. அவரத் தூக்கிட்டா, தப்பு போயிடுச்சுன்னு நாம எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவோம்."

பின்வரிசையிலிருந்து ஒருவன், எவ்வளவுக்கு விலை போனாய் என்று கேட்டான். அவன் வெர்டெலின் பேருந்தில் பள்ளிக்கூடம் போனவன்தான், முகம் தெரிந்தது. வெர்டெல் பழைய ஏழாம் விதியையே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அங்கேயே முன்மொழிந்தாள். கோவாக்ஸ் வழிமொழிந்தாள். நாலு கை எழுந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமா என்று வெர்டெல் எழுந்த கைகளை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.

அதன் பிறகு கிழக்குப் பக்கத்தில் அவளோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஒரு சாரார் போலீஸ்காரனைக் காப்பாற்றியவள் என்றார்கள். இன்னொரு சாரார், விதியை மாற்றித் திருடர்களைத் திரும்ப அவிழ்த்துவிட்டவள் என்றார்கள். வாரியம் நீக்காமல் விட்ட ஹாகன் தானாகவே வசந்த காலத்தில் வேலையை விட்டுவிட்டு வேறு மாநிலம் போனார். வெர்டெலின் பதவிக்காலம் முடிந்தது. மேயர் திரும்பக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

மொசெல் வீட்டை விற்கப்போவது வாசலில் பலகை நட்டபோதுதான் வெர்டெலுக்குத் தெரிந்தது. லூசியானாவில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம். சாமான் ஏற்றுகிற வண்டி வந்த காலையில் மொசெல்லே படியேறி வந்தாள். உள்ளே வா என்று வெர்டெல் எவ்வளவோ சொல்லியும் வாசற்படியிலேயே நின்றாள்.

"என் மேல கோபமா மொசெல்?"

"கோபம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்டி. நாலு நாள் கத்திட்டு அஞ்சாம் நாள் வந்து உக்காந்திருப்பேன்."

"கத்து. இப்பவே கத்து. நான் கேட்டுக்கறேன்."

"என்னன்னு கத்தறது? கேட்டது நான். நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவ நீ; அதுக்குத்தான் உன்ன அங்க உக்கார வச்சாங்க. ஆனா கேட்டது நான்." மொசெல் கொஞ்சம் நிறுத்திக்கொண்டாள். "தெனம் காலைல காபிய வச்சிட்டு என் முன்னாடி உக்கார்ற. உன் மூஞ்சியப் பாத்தா என் புள்ள ஞாபகம் வரணும். வரல வெர்டெல். நான் கேட்டதுதான் ஞாபகம் வருது. எனக்கு என் புள்ள ஞாபகம் வேணும். அதான் போறேன்."

கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். வெர்டெல் வீட்டு வாசல் சாவி. வீட்டுக்கு ஒன்றாக இருவரும் மாற்றி வைத்துக்கொண்டவை. வெர்டெல் உள்ளே போய் மொசெல்லின் சாவியைத் தேடி எடுத்து வந்தாள். இரண்டையும் கை மாற்றிக்கொண்டார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தான். மொசெல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவளுக்கும் பிரேக் மிதித்த முழங்கால்தான். பிடித்துக்கொள்ளப் போன வெர்டெலை வேண்டாம் என்று கையால் தடுத்தாள்.

இப்போது அந்த வீட்டில் ஓர் இளம் ஜோடி இருக்கிறது. போன குளிர்காலத்தில் பனி முழங்கால் ஆழத்துக்குக் கொட்டியது. வெர்டெல் தன் வாசலில் தள்ளிக்கொண்டே போனவள் எல்லையில் நிற்காமல், மொசெல் இருந்த நாளின் பழக்கத்தில், பக்கத்து வீட்டு நடைபாதையையும் படி வரைக்கும் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் சட்டை மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, உங்களுக்கு எதற்கு மேடம் சிரமம், நாங்கள் செய்ய மாட்டோமா என்றாள். வெர்டெல் மேல்படியில் இருந்த பனியை மட்டும் எடுத்துவிட்டு, மண்வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.